மணி பிளான்ட் செழிக்க 23 குறிப்புகள்

எங்கள் தெருவில் மணி பிளான்ட் இல்லாத வீடு அநேகமாக இல்லை. சமையலறை ஜன்னலில் ஹார்லிக்ஸ் பாட்டில், டிவி பக்கத்தில் பீங்கான் ஜாடி, மாடிப்படிக் கம்பியில் சுற்றிய கொடி என்று எங்காவது ஓரிடத்தில் இருந்துவிடும். ஆனால் பல வீடுகளில் மூன்று வருடத்துக்கு முன் பார்த்த அதே நாலு இலையோடுதான் இன்றும் நிற்கிறது. "அது எப்படி வெச்சாலும் சாகாதுங்க" என்பதுதான் இந்தச் செடி எடுத்திருக்கும் பேர். சாகாது என்பது உண்மைதான். அந்த ஒரே காரணத்தால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதில்தான் எனக்கு வருத்தம். கொஞ்சம் கவனித்தால் இதே செடி உள்ளங்கை அகல இலையை முறம் அளவுக்கு விரிக்கும். இருபது வருடமாகத் தண்ணீரிலும் மண்ணிலும் வளர்த்துப் பார்த்ததில் எனக்குப் பலன் தந்தவை இவை.

1. வெட்டுவதற்கு முன் கணுவைத் தேடுங்கள். கொடியைக் கையில் எடுத்து, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கரும்பில் இருப்பதுபோல ஒரு மெல்லிய வளையம் தெரியும். அதுதான் கணு. அதன் ஓரத்தில் மிளகு அளவுக்குப் பழுப்பாக ஒரு புடைப்பு இருக்கும். சில கணுக்களில் அது அரை அங்குலக் குச்சியாக நீண்டிருக்கும். அது காற்றுவேர். தண்ணீர் பட்டதும் வேராக ஓடப்போவது அந்தப் புடைப்புதான். எதிர்ப்பக்கம், காம்பின் இடுக்கில், புதுக்கிளைக்கான மொட்டு ஒளிந்திருக்கும். ஆகவே கணுவுக்கு அரை அங்குலம் கீழே வெட்டவேண்டும். ஒரு துண்டுக்கு இரண்டு கணுவாவது இருந்தால் நல்லது. கணு இல்லாமல் இலையை மட்டும் கிள்ளி வைத்தால் மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். புதுத் துளிர் மட்டும் வராது. "வெச்சது வெச்சபடியே இருக்கு" என்று குறைபடுபவர்களின் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

2. திருடி வைத்தால்தான் வளரும் என்பதை விட்டுவிடலாம். திருடுகிறவர் அவசரத்தில் கைக்குக் கிடைத்ததைக் கிள்ளிக்கொண்டு ஓடுவார். கணுவும் வராது, செடி வைத்திருப்பவரின் கொடியும் நசுங்கிப்போகும். "அக்கா, கணுவோட ரெண்டு துண்டு வெட்டித் தாங்களேன்" என்று கேட்டால் இல்லை என்று சொல்பவரை நான் பார்த்ததில்லை.

3. மணி பிளான்ட் விதை என்று யாராவது பாக்கெட்டில் விற்றால் வாங்காதீர்கள். இந்தச் செடியின் சொந்த ஊர் பசிபிக் பெருங்கடலில் தாஹிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மொரேயா தீவு. வீடுகளில் வளரும் செடி பூப்பதே இல்லை. இயல்பாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-ல். பூ வரத் தேவையான ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனை இந்தச் செடியால் போதிய அளவு தயாரிக்க முடியவில்லை என்பதை 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டுபிடித்தது. பூ இல்லை, காய் இல்லை, பிறகு விதை எங்கிருந்து வரும்? உலகம் முழுக்கப் பரவியது எல்லாம் வெட்டி வெட்டி நட்ட துண்டுகளில் இருந்துதான். எங்கள் பாட்டி வீட்டுக் கொடியும் உங்கள் வீட்டுக் கொடியும் ஒரே செடியின் நீட்சியாக இருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

4. பாட்டிலில் வைக்கும்போது தண்ணீருக்குள் அமிழும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் அவை அழுகி நாற்றம் எடுக்கும். ஒரு கணு மட்டும் தண்ணீருக்குள் இருந்தால் போதும். பத்துப் பதினைந்து நாளில் வெள்ளையாக வேர் எட்டிப் பார்க்கும்.

5. வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றியே ஆகவேண்டும். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், வீட்டுக்குள் நிற்கும் தெளிந்த தண்ணீர் போதும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். நாம் ஏழாம் நாளுக்குள் தண்ணீரைக் கொட்டிவிட்டால் அந்தக் கணக்கு முறிந்துவிடும். ஆனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. கொசு முட்டை இடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாட்டிலின் உள்சுவரில். அந்த முட்டை காய்ந்தபடி மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் பாட்டில் கழுவும் பிரஷ்ஷை விட்டு உள்சுவரை ஒரு சுற்று நன்றாகத் தேய்த்துக் கழுவவேண்டும். வேரையும் குழாயடியில் மெதுவாக அலசிக்கொள்ளலாம். நான் இதை ஞாயிற்றுக்கிழமைத் தலைக்குளியல்போல ஆக்கிவிட்டேன்; எனக்கு எண்ணெய் வைக்கும் நாளில் பாட்டிலுக்கும் குளியல். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டையும் மறக்காதீர்கள். அங்கேயும் தண்ணீர் நிற்கும்.

6. ஊருக்குப் போகும்போது பாட்டில் வாயில் மெல்லிய வேட்டித் துணியையோ பஞ்சையோ தண்டைச் சுற்றி அடைத்து, நூலால் கட்டிவிட்டுப் போங்கள். கொசு உள்ளே போகாது. மண்தொட்டி என்றால் நன்றாகத் தண்ணீர் விட்டு, வெயில் படாத மூலைக்கு நகர்த்திவைத்தால் பத்து நாள் வரை கவலை இல்லை.

7. எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். உப்புக் கூடிய போர் தண்ணீரில் இலை நுனி பழுப்பாகக் கருகும். பாட்டிலில் வெள்ளைப் படிவம் கட்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரில் உப்பு இன்னும் அதிகம். அதைச் செடிக்கு விடவேண்டாம். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரை வாய் அகன்ற பாத்திரத்தில் ஓர் இரவு திறந்துவைத்துக் காலையில் பயன்படுத்தலாம். மழை நீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது வேறு இல்லை.

8. கண்ணாடி பாட்டிலில் பாசி பிடித்தால் பழுப்பு நிற பாட்டிலுக்கு மாற்றுங்கள், அல்லது பழைய துணியால் சுற்றுங்கள். வெளிச்சம் பட்டால்தான் பாசி வளரும்.

9. பாட்டிலில் வேர் விட்டதை மண்ணுக்கு மாற்ற நினைத்தால் ரொம்ப நாள் காத்திருக்காதீர்கள். வேர் இரண்டு மூன்று அங்குலம் வந்ததும் மாற்றிவிடவேண்டும். வருடக்கணக்கில் தண்ணீரிலேயே இருந்த வேர் மண்ணுக்குப் போனதும் திணறும். மாற்றிய முதல் பத்து நாள் மண் காயாமல் பார்த்துக்கொண்டால், அதற்குள் மண்ணுக்கு ஏற்ற புது வேரை விட்டுக்கொள்ளும்.

10. மண் கலவை: செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. இதோடு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. தென்னை நார்க்கழிவை வாங்கியதும் அப்படியே கொட்டாமல் இரண்டு முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். அதில் இருக்கும் உப்பு போய்விடும். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று நடுவதற்கு முன் திருப்பிப் பாருங்கள். பார்க்க அழகாக இருக்கும் பீங்கான் தொட்டிகள் பலவற்றில் ஓட்டை இருக்காது. அப்படி என்றால் ஓட்டையுள்ள சின்னப் பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதை உள்ளே இறக்கிவைத்துக்கொள்ளலாம்.

11. தண்ணீர் விட நாள் கணக்கு வேண்டாம், விரல் கணக்கு போதும். ஆள்காட்டி விரலை இரண்டு ரேகை ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். உலர்ந்திருந்தால் அடி ஓட்டையில் வழியும்வரை ஊற்றுங்கள். நான் முதன்முதலில் வைத்த தொட்டிக்குப் பாசத்தில் தினமும் காலையில் ஒரு சொம்பு ஊற்றினேன். ஒரு மாதத்தில் தண்டு அடியில் கறுத்துக் கொழகொழவென்று ஆகிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. மேலே இருந்த நல்ல கணுக்களை வெட்டித் தண்ணீரில் போட்டுத்தான் அதைக் காப்பாற்றினேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பால்கனியில் தொங்கும் தொட்டிகளுக்கும் இதே கதி நேரும். சாரல் படாத பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.

12. இலை மஞ்சளானால் பயப்படும் முன் எந்த இலை என்று பாருங்கள். அடியில் ஒன்றோ இரண்டோ என்றால் அது மூப்பு; கிள்ளிப் போட்டுவிடலாம். ஒரே வாரத்தில் நாலைந்து இலை மஞ்சளாகி, மண்ணும் ஈரமாக இருந்தால் தண்ணீர் அதிகம். இலை துவண்டு, தொட்டியைத் தூக்கினால் தக்கை மாதிரி இருந்தால் தண்ணீர் போதவில்லை.

13. நிழல் செடி என்று சொல்லி இருட்டு மூலையில் வைத்துவிடுகிறோம். இருட்டில் அது உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற இடமாக இருக்கட்டும். கிழக்குப் பார்த்த ஜன்னல் மிகப் பொருத்தம். காலை இளவெயில் பட்டால் நல்லதே. மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில், அதுவும் கத்திரி வெயில் பட்டால் இலையில் காகிதம் கருகியதுபோலப் பழுப்புத் திட்டு விழும். விழுந்த திட்டு மாறாது.

14. மஞ்சள், வெள்ளைக் கோடு போட்ட இலை வெறும் பச்சையாக மாறினால் வெளிச்சம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை, அதனால் அது உணவு தயாரிக்காது. வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி பச்சையைக் கூட்டிப் பிழைத்துக்கொள்கிறது. மார்பிள் குயின் போன்ற வெள்ளை ரகங்களில் முழுப்பச்சைக் கிளை ஒன்று கிளம்பினால் அதை அடியோடு வெட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் அது வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும்.

15. ஏற விட்டுப் பாருங்கள். ஒரே கொடியைக் கீழே தொங்கவிட்டால் இலை போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும். மேலே ஏற்றினால் போகப்போகப் பெருக்கும். தென்னையிலோ மாமரத்திலோ ஏறிய மணி பிளான்ட்டைக் கவனித்திருப்பீர்கள். அதில் முழ நீளத்துக்கு மேல் இலை, ஓரம் வரை கிழித்துவிட்டதுபோல வெட்டுகள். வேறு செடியோ என்று சந்தேகம் வரும். பாட்டிலில் இருக்கும் அதே செடிதான். வீட்டில் இதைச் செய்ய, ஒன்றரை அங்குல பிவிசி குழாயில் மூன்றடி வெட்டி, கயிற்றுக் கடையில் கிடைக்கும் தேங்காய்நார்க் கயிறை இடைவெளி இல்லாமல் சுற்றி, தொட்டி நடுவில் ஊன்றுங்கள். நர்சரியில் மாஸ் ஸ்டிக் என்று விற்பதும் இந்த வேலையைத்தான் செய்கிறது. கொடியின் கணு கயிறை ஒட்டி இருக்கும்படி நூலால் தளர்வாகக் கட்டவேண்டும். தினமும் கயிறின் மேல் தண்ணீர் தெளியுங்கள். இதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். காய்ந்த கயிறில் காற்றுவேர் பிடிக்காது; பிடிக்காத கொடி தொங்கும் கொடிக்குச் சமம். என் வீட்டுக் கொடியில் கயிறைத் தொட்ட ஒரு வேர் மூன்றாம் வாரம் நாருக்குள் புகுந்து மறுபக்கம் வந்திருந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு இலையும் முந்தினதைவிட விரல்கடை அகலம் கூடுதலாகவே விரிந்தது.

16. ஒற்றைக் கொடியாக நீண்டு, அடியில் மொட்டையாக இருந்தால் நுனியை வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே உள்ள கணுவில் கிளை வெடிக்கும். வெட்டிய துண்டுகளை அதே தொட்டியில் ஐந்தாறாக நட்டால் தொட்டி நிறைந்து புதர்போலத் தெரியும்.

17. உரம் கொஞ்சம் போதும். மண்தொட்டிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம், அல்லது மாதம் ஒருமுறை 19:19:19 கரையும் உரத்தை ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கலந்து ஊற்றலாம். அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள் எதையும் பாட்டிலில் போடாதீர்கள். இரண்டே நாளில் புளித்து வேர் அழுகும்.

18. இலையைப் பளபளப்பாக்கத் தேங்காய் எண்ணெய், பால் தடவுவது வேண்டாம். எண்ணெய் இலையின் துளைகளை அடைக்கும், தூசியையும் இழுத்து ஒட்டவைக்கும். ஈரத்துணியால் இலையின் இரண்டு பக்கமும் துடைத்தால் போதும், பளபளப்பு தானாக வரும்.

19. காலையில் இலை நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கினால் பனி என்று நினைக்கவேண்டாம். இரவில் வேர் இழுத்த மிச்சத் தண்ணீரைச் செடி நுனி வழியே வெளியே தள்ளுகிறது. அதன் உறவுக்காரச் சேம்பு இலையிலும் இதைப் பார்க்கலாம். நோய் எதுவும் இல்லை. தினமும் சொட்டினால் மட்டும் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கலாம்.

20. காம்பு இடுக்கில் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்து எடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், நாலு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் சாயங்காலத்தில் தெளிக்கவேண்டும். ஒரு தடவையோடு நிறுத்தினால் முட்டையில் இருப்பவை திரும்ப வரும்.

21. குழந்தைக்கும் செல்லப்பிராணிக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள். சேனை, கருணை, சேப்பங்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கிறதே, சரியாக வேகாவிட்டால் நாக்கும் தொண்டையும் நமநமக்கிறதே, அதற்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி வடிவப் படிகங்கள். மணி பிளான்ட்டும் அந்தக் குடும்பம்தான். அதன் இலையிலும் தண்டிலும் அதே ஊசிகள் இருக்கின்றன. கிழங்கைப் புளி சேர்த்து வேகவைத்து அடக்கிவிடுகிறோம், ஆனால் பச்சை இலையைக் கடிக்கும் குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பக்கத்து வீட்டில் ஒன்றரை வயசுப் பிள்ளை தொங்கிய இலையை இழுத்துக் கடித்துவிட்டு, வாயில் எச்சில் ஒழுக வீறிட்டு அழுதது. பதறிய தாய் வாந்தி எடுக்கவைக்கப் பார்த்தார். அதைச் செய்யக் கூடாது, வரும் வழியில் தொண்டை மறுபடி புண்ணாகும். வாயில் இருக்கும் துணுக்குகளைச் சுத்தமான ஈரத்துணியால் துடைத்து எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்த பாலோ தண்ணீரோ கொடுத்தோம். சற்று நேரத்தில் அழுகை அடங்கியது. உதடோ நாக்கோ வீங்கினாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். பூனை, நாய் வளர்ப்பவர்களும் கவனியுங்கள். தோல் மென்மையானவர்கள் கொடி வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளலாம். பெரிய இலையில் வெள்ளைப் புள்ளியோடு வரவேற்பறைகளில் நிற்கும் டிஃபன்பேக்கியாவும் இந்தக் குடும்பம். அதன் கடுமை இன்னும் அதிகம்.

22. காற்றைச் சுத்தம் செய்யும் என்று நம்பி ஜன்னலை மூடிவிடாதீர்கள். இந்தப் பேச்சு தொடங்கியது 1989-ல் நாசா வெளியிட்ட ஆய்வில் இருந்து. அதில் செடிகளைக் காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் வைத்துச் சோதித்தார்கள். நம் வீடு அப்படி அடைத்த பெட்டி இல்லை. கதவும் ஜன்னலும் மாற்றும் காற்றின் அளவுக்குச் செடி செய்யவேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று, அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2019-ல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முயலின் மரபணு ஒன்றை மணி பிளான்ட்டுக்குள் செலுத்தி, காற்றில் உள்ள பென்சீனையும் குளோரோபார்மையும் பிரித்தெடுக்க வைத்திருக்கிறார்கள். அந்த ஆய்வு வெளிவந்தது 2018-ல். ஆனால் நர்சரியில் நாம் வாங்குவது அந்தச் செடி இல்லை. மீன்தொட்டியில் மட்டும் இதன் சுத்திகரிப்பு உண்மையாகவே உதவும்: இலை வெளியே, வேர் மட்டும் தண்ணீருக்குள் இருக்கும்படி வைத்தால் மீன் கழிவில் சேரும் நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்ளும்.

23. வெட்டிப்போடும் கொடியைக் காலி மனையிலோ ஏரிக்கரையிலோ வீசாதீர்கள். இலங்கையில் கண்டி தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தகெலே என்ற காடு இருக்கிறது. அங்கே மணி பிளான்ட் தரையை மூடி, பெரிய மரங்களின் மேலும் ஏறிப் படர்ந்து, காட்டுக் கன்றுகள் முளைக்க இடமில்லாமல் செய்துவிட்டது. அதைத் தின்று கட்டுப்படுத்தும் பூச்சியோ விலங்கோ அங்கே இல்லை. விதையே இல்லாத செடி இப்படிப் பரவியது துண்டுகளின் வழியாகத்தான். ஈரமண்ணில் ஒரு கணு விழுந்தால் போதும். வீட்டில் அவ்வளவு அருமையாக வளரும் குணமே காட்டில் கேடாகிறது. அதனால் மிச்சக் கொடியைக் கணு கணுவாகத் துண்டாக்கி, மொட்டைமாடியில் பழைய கோணிச் சாக்கின் மேல் பரப்பி, இரண்டு மூன்று வாரம் வெயிலில் காயவிடுங்கள். கையில் எடுத்து ஒடித்தால் சுள்ளிபோல முறியவேண்டும். வளைந்தால் இன்னும் உயிர் இருக்கிறது, மறுபடி காயப்போடுங்கள். முறிகிற பதம் வந்தபிறகு உரத்தொட்டியில் போடலாம்.